நுண்கருவிகளுக்கு இரைச்சல் குறைந்த பவர் சப்ளை: கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

எலக்ட்ரானிக் தராசில் கடைசி இலக்கம் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. ஒளியை அளக்கும் சர்க்யூட்டில் விளக்கை அணைத்த பிறகும் ஏதோ அலை தெரிகிறது. பிஎச் மீட்டர் 7.00, 7.03, 6.98 என்று ஊசலாடுகிறது. இதில் எது நடந்தாலும் முதல் பழி பவர் சப்ளை மேல்தான் விழும். "நல்ல லோ நாய்ஸ் சப்ளை ஒன்று வாங்கிப் போடு" என்று யாராவது சொல்வார்கள். வாங்கிப் போட்டால் சில நேரம் சரியாகும், பல நேரம் ஆகாது. விவரத்தாளில் எந்த எண் சிறியதோ அதைப் பார்த்து வாங்குவதால் வரும் வினை இது. கருவியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருவதுதான் சரியான வழி. என் சர்க்யூட் எவ்வளவு இரைச்சலை (வோல்ட்டேஜில் கலந்து வரும் தேவையற்ற ஆட்டத்தை) தாங்கும், எந்த அதிர்வெண்ணில் தாங்காது, இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

1. வாங்கும் முன் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்

யூபிஎஸ் பேட்டரி என்று எல்லா ஊரிலும் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இதற்குப் போதும். பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி. வயரில் ஒரு 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள். இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் மெல்லிய வயரை உருக்கிவிடும். சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். கருவி கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி வழியாக இணைந்திருந்தால், அதையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப்பை அதன் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். இதை மறந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை.

பேட்டரியில் இரைச்சல் மறைந்தால் சப்ளையோ அதன் எர்த் பாதையோ குற்றவாளி. மறையவில்லை என்றால் சென்சார் கேபிள், ஆம்ப்ளிஃபயர், போர்டு வயரிங் பக்கம் போங்கள். சப்ளைக்குச் செலவழிக்க வேண்டாம். மூன்றாவதாக ஒரு நிலை உண்டு: பேட்டரியில் சுத்தமாக இருந்தது, யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் திரும்பி வந்தது. அது எர்த் லூப் (இரண்டு இடத்தில் எர்த் இணைந்து வளையமாகி அதில் மின்னோட்டம் ஓடுவது) அல்லது லேப்டாப் அடாப்டரின் வேலை. எவ்வளவு விலை கொடுத்து சப்ளை வாங்கினாலும் அது போகாது. டேட்டாவை மட்டும் கடத்தி, நேரடி மின் இணைப்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர்தான் மருந்து.

இரைச்சலின் அதிர்வெண்ணும் துப்பு கொடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசி-யை டிசி-யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அதன் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்புவதால், சப்ளையின் ரிப்பிள் (டிசி-யில் மிச்சமிருக்கும் அலை) 100 ஹெர்ட்ஸில் வரும். ஆசிலோஸ்கோப்பில் 100 ஹெர்ட்ஸ் தெரிந்தால் வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம். 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம், கேபிள் வாங்கும் ஹம், அல்லது எர்த் லூப். பத்துக் கணக்கான கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் வரை கூர்மையான முள் முள்ளாகத் தெரிந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டேஜை மாற்றும் ஸ்விட்சிங் வகை சப்ளை.

2. கருவிக்கு எவ்வளவு தாங்கும்?

எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சாரான லோட் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 கிலோ தாங்கும் செல், உணர்திறன் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடையில் அது தருவது வெறும் 10 மில்லிவோல்ட். 1 கிராம் வரை பார்க்க வேண்டுமென்றால் அந்த 10 மில்லிவோல்ட்டை 10,000 பங்காகப் பிரிக்கிறோம்: கிராமுக்கு 1 மைக்ரோவோல்ட். அப்படியானால் சப்ளையும் மைக்ரோவோல்ட் அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமா? வேண்டாம். செல்லுக்குக் கொடுக்கும் அதே 5 வோல்ட்டை ஏடிசி-யின் (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) ரெஃபரன்ஸாகவும், அதாவது அளவுகோலாகவும் கொடுத்தால், சப்ளை 1 சதவீதம் ஏறும்போது சிக்னலும் ஏறும், அளவுகோலும் ஏறும்; விகிதம் மாறாது. மலிவான எச்எக்ஸ்711 சிப்பில் தராசு செய்பவர்கள் தப்பித்துக்கொள்வது இதனால்தான். அதில் செல்லின் ஊட்டமும் ரெஃபரன்ஸும் ஒரே வோல்ட்டேஜ். நொடிக்கு 10 அளவு என்ற வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் அதன் ஃபில்ட்டரே வடிகட்டிவிடும். இந்த அமைப்புக்கு விலை கூடிய சப்ளை வாங்குவது வீண். இங்கே தொல்லை கொடுக்கக்கூடியது மெதுவான ஏற்ற இறக்கம் இல்லை, ஃபில்ட்டரைத் தாண்டி ஆம்ப்ளிஃபயருக்குள் புகும் எஸ்எம்பிஎஸ் முட்கள்தான்.

ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடு வேறு விஷயம். அதில் சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் நேரடியாக சப்ளையிலிருந்து ஓடுகிறது. விகிதத்தில் அடிபட்டுப் போகும் வசதி இல்லை. ஆப்-ஆம்ப் சப்ளையிலிருந்து வரும் இரைச்சலை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் பிஎஸ்ஆர்ஆர். விவரத்தாளின் முதல் பக்கத்தில் 120 டெசிபல் என்று போட்டிருப்பார்கள், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அது டிசி-யில் மட்டும். உள்ளே புரட்டி வரைபடத்தைப் பாருங்கள்: அதிர்வெண் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் கிட்டத்தட்ட 20 டெசிபல் சரிந்துகொண்டே வரும். உதாரணத்துக்கு, உங்கள் ஆப்-ஆம்ப் 100 ஹெர்ட்ஸில் 100 டெசிபலும் 100 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபலும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சப்ளையின் 1 மில்லிவோல்ட் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் உள்ளீட்டில் 10 நானோவோல்ட்டாகத் தெரியும். கண்டுகொள்ளவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்-ஸின் 10 மில்லிவோல்ட் 100 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளோ 100 மைக்ரோவோல்ட்டாக வந்து உட்காரும். ரிப்பிள் பத்து மடங்குதான் அதிகம், விளைவு பத்தாயிரம் மடங்கு.

சப்ளைக்கு எவ்வளவு பங்கு ஒதுக்குவது? தற்செயலான இரைச்சல்கள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதனால் சென்சாரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து தரும் இரைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்குள் சப்ளையின் பங்கு இருந்தால் மொத்தம் 5 சதவீதம்தான் கூடும். அதற்குக் கீழே இறக்கப் பணம் செலவழிப்பது எனக்குத் தேவையற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்-ஸின் ரிப்பிள் தற்செயலானது இல்லை, ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் அலை. அதுவும் ஏடிசி-யின் சாம்ப்ளிங் வேகமும் சேர்ந்து மெதுவாக ஊசலாடும் பொய்யான அலையை உண்டாக்கும். அதற்கு மூன்றில் ஒரு பங்கு விதி பொருந்தாது; கருவியின் இரைச்சல் தரைக்கு (கருவிக்கே உள்ள அடிப்படை இரைச்சலுக்கு) கீழே அதை அமுக்கியாக வேண்டும்.

3. விவரத்தாளை எப்படிப் படிப்பது

பேண்ட்விட்த் (எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை அளந்தது) சொல்லாத இரைச்சல் எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெஞ்ச் சப்ளைகளில் வழக்கம் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. கீசைட் நிறுவனத்தின் இ36312ஏ-வுக்கும் ரிகோல் டிபி832-க்கும் 350 மைக்ரோவோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி அளவு), 2 மில்லிவோல்ட் பீக்-டு-பீக் (உச்சத்திலிருந்து பள்ளம் வரை) என்று கொடுத்திருக்கிறார்கள். ரெகுலேட்டர் ஐசி-களில் வழக்கம் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும்.

ஆர்எம்எஸ், பீக்-டு-பீக் இரண்டும் கொடுத்திருந்தால் இரண்டையும் பாருங்கள். தற்செயலான இரைச்சலுக்கு பீக்-டு-பீக் என்பது ஆர்எம்எஸ்ஸைப் போல சுமார் 6.6 மடங்கு. விகிதம் அதைவிடப் பல மடங்கு இருந்தால் முட்கள் இருக்கின்றன என்று அர்த்தம். ஆர்எம்எஸ் மட்டும் போட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் விளம்பரத்தை நான் நம்புவதில்லை. மெல்லிய முள் ஆர்எம்எஸ்ஸில் காணாமல் போய்விடும்.

எப்படி அளந்தார்கள் என்ற அடிக்குறிப்பும் முக்கியம். மீன்வெல் நிறுவனத்தின் 12 வோல்ட் சப்ளைகள் பலவற்றில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட் பீக்-டு-பீக் என்றிருக்கும். கீழே சிறிய எழுத்தில், 12 அங்குல முறுக்கிய வயரின் முனையில் 0.1 மைக்ரோஃபாரட், 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களை இணைத்து 20 மெகாஹெர்ட்ஸில் அளந்தது என்று இருக்கும். நேர்மையான குறிப்பு அது. உங்கள் போர்டில் அந்த கெபாசிட்டர்கள் இல்லையென்றால் எண்ணும் வேறு.

மெதுவாக அளக்கும் கருவி என்றால், அதாவது பிஎச் மீட்டர், தெர்மோகப்பிள், பாலச் சுற்று போன்றவற்றுக்கு, 10 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எண் ஒன்றும் சொல்லாது. 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலும் வெப்பநிலையால் வரும் நகர்வும்தான் கணக்கு. இதற்கு ரெகுலேட்டரை நம்பாமல் தனி ரெஃபரன்ஸ் ஐசி போடுவது நல்லது. எல்டிசி6655 போன்றவை இந்தப் பட்டையில் 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) பீக்-டு-பீக் அளவுக்குத்தான் ஆடும், 2.5 வோல்ட்டில் அது ஏறத்தாழ 0.6 மைக்ரோவோல்ட்.

4. லீனியரா, எஸ்எம்பிஎஸ்-ஸா, இரண்டுமா?

சின்ன மின்னோட்டம், மேசையில் நிற்கும் கருவி, எடை பிரச்சினையில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை இன்றும் நல்ல தேர்வு. 12 வோல்ட், 500 மில்லிஆம்பியர் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 15 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 7812 என்ற 12 வோல்ட் ரெகுலேட்டர். உச்சம் 21.2 வோல்ட், பிரிட்ஜின் இரண்டு டயோடுகளில் 1.4 போனால் 19.8. ரிப்பிள் என்பது மின்னோட்டத்தை 100 ஹெர்ட்ஸாலும் கெபாசிட்டராலும் வகுத்தது, கிட்டத்தட்ட 1.06 வோல்ட். பள்ளத்தில் 18.7 வோல்ட் இருக்கிறது, 7812-க்கு 14 போதும். சௌகரியம்தான்.

லைன் வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கும் ஊர்களில் இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். உச்சம் 16.6, டயோடு போக 15.2, ரிப்பிள் போகப் பள்ளத்தில் 14.1. விளிம்பில் நிற்கிறது. வெளியே மீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டும், ஆனால் விளிம்பில் ரெகுலேட்டரின் தடுக்கும் சக்தி சரிந்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் 100 ஹெர்ட்ஸ் அப்படியே வெளியே வரும். சாயங்காலம் மட்டும் கருவி ஆடுகிறது என்ற புகாருக்கு இது ஒரு காரணம். எதிர்ப்பக்கம், லைன் 10 சதவீதம் ஏறினால் 7812 மேல் 9 வோல்ட்டுக்கு மேல் விழும், 4.7 வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல் தாங்காது. இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு ஸ்டெபிலைசர் வோல்ட்டேஜ் இறக்கத்துக்கு உதவும், இரைச்சலை அது வடிகட்டாது. ரிலே வகையாக இருந்தால் ஒவ்வொரு "டிக்" சத்தத்துக்கும் ஒரு குதியலைச் சேர்த்துக் கொடுக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரில் டொராய்டு (வளைய) வகை காந்தப் புலத்தைக் குறைவாக வெளியே விடும். ஆனால் பிரைமரியும் செகண்டரியும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றப்படுவதால் இடையே கெபாசிட்டன்ஸ் கூடுதல். லைனில் வரும் குப்பை அதன் வழியே தாவும். நடுவில் ஸ்கிரீன் சுற்றிய டொராய்டு கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் இரண்டு சுற்றுகளையும் தனித்தனி அறையில் சுற்றிய இஐ வகையை எடுத்து, சென்சாரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்னோட்டம் ஒரு ஆம்பியரைத் தாண்டினாலோ கருவி சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டியிருந்தாலோ லீனியர் மட்டும் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். அப்போது எஸ்எம்பிஎஸ், அதன் பின் எல்சி ஃபில்ட்டர் (காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தது), அதன் பின் இரைச்சல் குறைந்த எல்டிஓ (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் குறைந்த வித்தியாசமே போதுமான லீனியர் ரெகுலேட்டர்) என்ற மூன்று கட்ட அமைப்பு. கருவியில் நுண்ணிய பகுதிக்கு மட்டும் எல்டிஓ போதும். ரிலே, டிஸ்ப்ளே, வைஃபை எல்லாவற்றையும் எஸ்எம்பிஎஸ்-ஸிலிருந்தே ஓட்டலாம். 10 மைக்ரோஹென்ரி காயிலும் 47 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் 7.3 கிலோஹெர்ட்ஸ். 500 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு ஏட்டுக் கணக்கில் 73 டெசிபல் தடுப்பு. கெபாசிட்டரின் உள் தடையும் வயரின் இண்டக்டன்ஸும் சேர்ந்து நடைமுறையில் அதைக் குறைத்துவிடும். செராமிக் கெபாசிட்டரை நம்பினால் இன்னொரு சிக்கல்: எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைகள் டிசி வோல்ட்டேஜ் ஏற ஏறக் கெபாசிட்டன்ஸை இழக்கும், தட்டினால் வோல்ட்டேஜும் உண்டாக்கும். ஃபில்ட்டர் தன் சொந்த அதிர்வெண்ணில் துள்ளாமல் இருக்க, கொஞ்சம் உள் தடை உள்ள எலக்ட்ரோலிடிக்கைச் செராமிக்குக்குப் பக்கத்தில் இணையாகப் போடுங்கள்.

5. எந்த ரெகுலேட்டர்?

எல்எம்317-இன் இரைச்சல் வெளியீட்டு வோல்ட்டேஜில் 0.003 சதவீதம், 10 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை. 5 வோல்ட்டில் 150 மைக்ரோவோல்ட், 12 வோல்ட்டில் 360. அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ரிப்பிள் தடுப்பு 65-லிருந்து 80 டெசிபலுக்கு ஏறும். ஒரு கெபாசிட்டர் விலையில் இதைவிட லாபம் கிடையாது. ஏற்கனவே எல்எம்317 இருக்கும் கருவியில் முதலில் இதைச் செய்யுங்கள். 7805 சுமார் 40 மைக்ரோவோல்ட். டிபிஎஸ்7ஏ4700 சுமார் 4. எல்டி3045 சுமார் 0.8, அதோடு 1 மெகாஹெர்ட்ஸில்கூட 76 டெசிபல் தடுப்பு. எஸ்எம்பிஎஸ்-ஸுக்குப் பின்னால் நிற்க வேண்டியது இப்படிப்பட்டதுதான். 7805-ஐ அங்கே வைத்தால் 500 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்குப் பெரிய தடையாக இருக்காது. மைனஸ் பக்கத்துக்கு எல்டி3094 ஜோடி.

எல்டி3045 போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. எஸ்எம்பிஎஸ்-ஸுக்குப் பின்னால் வைக்கும்போது, ஐசி-யின் உள்ளீட்டுக்கு ஒட்டியே பெரிய செராமிக் கெபாசிட்டர் வைத்தால் தடுப்பு குறைகிறது. ரிப்பிள் மின்னோட்டம் அந்த கெபாசிட்டர் வழியே சுழலும்போது அதன் காந்தப் புலம் வெளியீட்டு வளையத்தில் நேரடியாக ஏறிக்கொள்கிறது. முந்தைய கட்டத்தின் வெளியீட்டு கெபாசிட்டரே போதும். கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். இது தயாரிப்பாளரின் விவரத்தாளிலேயே இருக்கிறது, ஆனால் பழக்க தோஷத்தில் எல்லாரும் ஐசி-க்கு ஒட்டி கெபாசிட்டர் வைத்துவிடுவார்கள்.

எந்த எல்டிஓ ஆனாலும் குறைந்தபட்ச வித்தியாசத்தில் ஓட்டாதீர்கள். 1 வோல்ட் இடைவெளி கொடுங்கள், சூடு தாங்கினால்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கும் மாட்யூல்களில் மேலே அச்சிட்ட பெயரும் உள்ளே இருக்கும் சில்லும் ஒன்றாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எல்டி3045 என்றால் சோதிக்க எளிய வழி இருக்கிறது: அதன் செட் காலிலிருந்து 100 மைக்ரோஆம்பியர் வரும். செட் காலில் 33.2 கிலோஓம் இருந்தால் வெளியீடு 3.32 வோல்ட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

6. எர்த் பாதை

பணம் கொட்டியும் இரைச்சல் போகாதவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு பின் அடாப்டரில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒய் கெபாசிட்டர் இருக்கும். 1 நானோஃபாரட் என்றாலே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே 72 மைக்ரோஆம்பியர் ஓடும். அடாப்டரில் ஓடும் கருவியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது இதனால்தான். அதே பாதையில் எஸ்எம்பிஎஸ்-ஸின் ஸ்விட்சிங் மின்னோட்டமும் பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஒரே திசையில் வந்து, உங்கள் சர்க்யூட்டைத் தாண்டி, ஸ்கோப் அல்லது கம்ப்யூட்டரின் எர்த்துக்குப் போகும். ஒரு மீட்டர் வயருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்ரி. 1 மெகாஹெர்ட்ஸில் அது 6 ஓம். 1 மில்லிஆம்பியர் ஓடினால் கிரவுண்ட் வயரின் இரு முனைக்கும் 6 மில்லிவோல்ட் வித்தியாசம். வெளியீட்டுக்குப் பின்னால் எந்த எல்டிஓ வைத்தாலும் இதை அது பார்க்கவே பார்க்காது.

எர்த் பின் உள்ள சப்ளையை எடுங்கள். டிசி வயர் இரண்டையும் சேர்த்து ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுங்கள், அல்லது காமன் மோட் சோக் போடுங்கள். நுண்ணிய பகுதியின் கிரவுண்டையும் மோட்டார், ரிலே கிரவுண்டையும் ஒரே புள்ளியில் மட்டும் இணையுங்கள். ஹம் குறைகிறது என்று எர்த் பின்னை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான காரியம், செய்யவே கூடாது. உடலோடு இணைக்கும் கருவி என்றால், இசிஜி சர்க்யூட் உட்பட, பேட்டரியில் ஓட்டுங்கள். லைனில்தான் ஓட வேண்டுமென்றால் மருத்துவத் தரச் சான்று உள்ள சப்ளை தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

7. வாங்கியதை அளந்து பாருங்கள்

ஸ்கோப்பின் 10 மடங்கு புரோப் இதற்கு ஆகாது. 1 மில்லிவோல்ட்டை 100 மைக்ரோவோல்ட்டாகக் குறைத்து ஸ்கோப்பின் சொந்த இரைச்சலில் புதைத்துவிடும். நீளமான கிரவுண்ட் கிளிப் ஆண்டெனா வேலை பார்க்கும். பிஎன்சி கோஆக்ஸ் கேபிளைச் சப்ளையின் முனையில் நேராகச் சால்டர் செய்து, நடுக்கம்பியில் டிசி தடுக்கும் கெபாசிட்டர் போட்டு, ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பை வையுங்கள். முதலில் கேபிளின் முனையைத் தன் கிரவுண்டோடேயே ஷார்ட் செய்து பாருங்கள். அப்போது தெரிவது சப்ளையின் இரைச்சல் இல்லை, உங்கள் அளவுமுறையின் தரை. இதைச் செய்யாமல் எடுத்த எந்தப் படத்துக்கும் மதிப்பில்லை.

எல்டி3045 போன்றவற்றை ஸ்கோப் நேரடியாகப் பார்க்க முடியாது. 60 டெசிபல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 1 மைக்ரோவோல்ட்டை 1 மில்லிவோல்ட்டாக்கும். அதை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, தகர பிஸ்கட் டப்பாவுக்குள் மூடி வைத்து அளக்கலாம்.

அளக்கும்போது கருவி உண்மையில் எடுக்கும் மின்னோட்டத்தை எடுக்க வைத்து அளக்க வேண்டும். சுமை இல்லாமல் எல்லா சப்ளையும் சுத்தமாகத்தான் தெரியும். சில எஸ்எம்பிஎஸ்-கள் மட்டும் தலைகீழ், சுமை மிகக் குறைந்தால் விட்டு விட்டு ஓடி, காதில் கேட்கும் அதிர்வெண்ணில் இரைச்சல் போடும். வேரியாக் (லைன் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் லைனை 180-லிருந்து 250 வோல்ட் வரை நகர்த்தி, ஒரு மணி நேரம் சூடேறவிட்டு, இரண்டாவது முறை அளவெடுங்கள். அந்த அளவு, இரண்டாம் படியில் போட்ட ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் சப்ளையைப் பெட்டிக்குள் வைத்து மூடலாம்.